எக்கோ காட்டும் ஆழம் சரியா? ஃபைபர் படகில் நீங்களே அளந்து திருத்தும் முறை

போன வருடம் மண்டபத்தில் வடகடலில் (பாக் விரிகுடா) வலையை எடுத்துக்கொண்டு இருட்டும் நேரத்தில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எக்கோவில், அதாவது சத்தம் அனுப்பி ஆழம் காட்டும் கருவியில், ஆழம் 1.8 மீட்டர். எங்கள் படகுக்கு அது தாராளம் என்று இஞ்சினைத் தூக்காமலே ஓட்டி வந்தேன். ஒரு அலை தாழ்ந்து இறங்கியபோது புரொப்பல்லர் தரையில் இடித்து, ஷியர் பின் (புரொப்பல்லரைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன ஆணி) முறிந்து, இஞ்சின் வெறுமனே சுற்ற ஆரம்பித்துவிட்டது. கம்பை ஊன்றிப் பார்த்தால் தண்ணீர் 90 சென்டிமீட்டர்தான். கருவி சொன்னதில் சரிபாதி.

காரணம் பிறகுதான் தெரிந்தது. நான் வாங்கியது பழைய எக்கோ, ஒரு விசைப்படகிலிருந்து கழற்றியது. அந்தப் படகில் சென்சார் (தண்ணீருக்குள் இருந்து சத்தத்தை அனுப்பி வாங்கும் பகுதி) தண்ணீர் மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் கீழே இருந்திருக்கிறது, அதற்காக அவர்கள் போட்ட கூட்டல் எண் கருவியிலேயே தங்கிவிட்டது. எங்கள் படகில் சென்சார் 30 சென்டிமீட்டர்தான் கீழே இருக்கிறது. ஆக எல்லா இடத்திலும் 90 சென்டிமீட்டர் அதிகமாகவே காட்டிக்கொண்டிருந்தது. இதைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் அலைந்தேன். கடையில் ஒருவர் எண்ணை மாற்றினார், நானும் மாற்றினேன், ஒரு இடத்தில் சரியாக வந்தது அடுத்த இடத்தில் தப்பியது. முறை தெரிந்த பிறகு அதே வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. புதிதாக எக்கோ வாங்கியவர்களும் பழையது வாங்கியவர்களும் அந்த ஒரு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் வையுங்கள்: ஒரே ஒரு ஆழத்தில் குறி போட்ட அளவுக் கயிறு விட்டுப் பார்த்துவிட்டு எண்ணை மாற்றாதீர்கள். குறைந்தது இரண்டு ஆழத்தில் பாருங்கள், ஒன்று குறைவான ஆழம், ஒன்று அதிக ஆழம். ஏன் என்பது 7-ம் படியில் தெரியும்.

1. தாள்களும் படங்களும்

மெனுவைத் தொடும் முன் கருவியில் இருக்கிற எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலகு, ஆஃப்செட் அல்லது டிராஃப்ட் (மேலே சொன்ன கூட்டல் எண்), தண்ணீர் வகை, அலாரம், அலைவரிசை என்று ஒரு பக்கத்தையும் விடாதீர்கள். ஏதாவது குழம்பினால் பழைய நிலைக்குத் திரும்ப இந்தப் படங்கள்தான் வழி.

உங்கள் மாடலுக்கான கையேட்டைப் பெரிய கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. மாடல் எண் கருவியின் பின்புறம் ஒட்டியிருக்கும். வேறு மாடலின் கையேட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்யக்கூடாது, கூட்டல் கழித்தல் குறியே மாறிவிடும்.

புதிதாக வாங்குபவர்கள் பில்லில் கருவியின் சீரியல் எண்ணும் சென்சாரின் மாடல் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் டிரான்ஸ்டியூசர் என்று போட்டிருப்பார்கள், கரையில் எல்லோரும் சென்சார் என்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். கடைக்காரரே பொருத்திக் கொடுத்தால் ஆஃப்செட்டில் என்ன எண் போட்டார் என்று பில்லின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் எழுதித் தருவார்கள். மானியம் ஏதாவது கிடைக்குமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்பதாக இருந்தால் வாங்குவதற்கு முன்பே படகுப் பதிவுச் சான்றோடு போய்க் கேளுங்கள்.

இன்னொரு தாள், ஒரு நோட்டுப் பக்கம். தேதி, நேரம், இடம், கயிற்று அளவு, திரை அளவு என்று ஐந்து கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடலில் போய் மனக்கணக்குப் போட முடியாது.

2. எங்கிருந்து ஆழம் வேண்டும்?

எக்கோவுக்குத் தானாகத் தெரிவது ஒன்றுதான்: சென்சாரின் முகத்திலிருந்து தரை வரை எவ்வளவு. சத்தம் கீழே போய்த் திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து அது கணக்குப் போடுகிறது. படகு எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது, புரொப்பல்லர் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அதைச் சொல்லும் இடம்தான் ஆஃப்செட். சில கருவிகளில் கீல் ஆஃப்செட் என்று இருக்கும், சிலவற்றில் டிராஃப்ட்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தண்ணீர் மட்டத்திலிருந்து முழு ஆழம் வேண்டுமா, அல்லது படகின் மிகக் கீழான பகுதியிலிருந்து தரை வரை மிச்சம் எவ்வளவு என்று வேண்டுமா?

இரண்டாவதில் ஒரு நன்மை உண்டு. ஐஸும் வலையும் ஏற்றினால் படகு அமிழும், சென்சாரும் புரொப்பல்லரும் சேர்ந்தே அமிழும், அதனால் கீழே மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு சுமை ஏறினாலும் மாறாது. தண்ணீர் மட்டத்திலிருந்து வைத்தால் சுமைக்கு ஏற்றபடி கொஞ்சம் மாறும். எங்கள் படகில் வெறும் படகுக்கும் நிறைந்த படகுக்கும் 12 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது.

அப்படியும் நான் தண்ணீர் மட்டக் கணக்கையே வைத்திருக்கிறேன். வலைக்கு எவ்வளவு கயிறு விடுவது என்று பார்ப்பதும், அடுத்த படகோடு ஆழத்தைச் சொல்லிப் பேசிக்கொள்வதும், கயிறு விட்டு ஒப்பிடுவதும் எல்லாம் தண்ணீர் மட்டத்திலிருந்துதான். கரையோரப் பாதுகாப்புக்கு அலாரத்தை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எதை வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் வைத்ததைக் கருவியின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். நாளைக்கு உங்கள் தம்பியோ மச்சானோ படகை எடுத்துப்போகும்போது அந்த 1.5 என்பது மொத்தத் தண்ணீரா, புரொப்பல்லருக்குக் கீழே உள்ள தண்ணீரா என்று தெரியாமல் ஓட்டினால் ஆபத்து.

3. டேப் பிடித்து எடுக்க வேண்டிய அளவுகள்

படகு தண்ணீரில், வழக்கமான பாதிச் சுமையோடு, ஆட்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த இரண்டையும் எடுங்கள்.

தண்ணீர் மட்டத்திலிருந்து சென்சாரின் அடிமுகம் வரை. எங்களுக்கு 0.30 மீட்டர்.

தண்ணீர் மட்டத்திலிருந்து இஞ்சினின் ஆகக் கீழான நுனி வரை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். படகின் அடிப்பலகையை அளந்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அவுட்போர்டு வைத்த ஃபைபர் படகில் ஆகக் கீழே இருப்பது அடிப்பலகையும் இல்லை, ஏராவும் (கீல்) இல்லை, புரொப்பல்லருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தட்டையான உலோகத் தகடுதான். எங்களுக்கு 0.70 மீட்டர். வள்ளத்தில் நீளவால் இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இது தண்டைப் பிடிக்கிற சாய்வைப் பொறுத்து மாறும், முழுதாக இறக்கிய நிலையில் அளந்துகொள்ளுங்கள்.

4. சென்சார் ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

சென்சார் தவறான இடத்தில் இருந்தால் எந்த எண்ணைப் போட்டாலும் பயனில்லை.

பின்பலகையில் பொருத்தியிருந்தால் புரொப்பல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், ஃபைபர் படகில் அடிப்பகுதிக்கு 3 மில்லிமீட்டர் கீழே முகம் தெரிய வேண்டும். அதற்கு நேர் முன்னால் அடியில் ஏதாவது கட்டையோ போல்ட்டோ இருந்தால் அங்கிருந்து குமிழி கிளம்பி சென்சார் முகத்தை மூடும். குமிழி வந்தால் எக்கோவுக்குக் கண் மறைந்த மாதிரிதான், காற்றுக்குள் அந்தச் சத்தம் போகாது.

கரையில் டிராக்டர் வைத்து இழுத்து ஏற்றுகிற படகுகளில் பின்பலகை சென்சார் நிலைக்காது, உடைந்துவிடும். அதனால் நாங்கள் ஒரு குழாயின் நுனியில் சென்சாரை மாட்டி, படகின் விளிம்பில் கிளாம்ப் போட்டு, வேண்டும்போது இறக்கிக்கொள்கிறோம். வெல்டிங் கடையில் 900 ரூபாய் ஆனது. இப்படி வைத்திருப்பவர்கள் குழாயில் சிவப்பு டேப் ஒன்று சுற்றி, ஒவ்வொரு முறையும் அந்த டேப் கிளாம்பில் வந்து நிற்கும்படி இறக்குங்கள். ஒரு நாள் 30 சென்டிமீட்டர், மறுநாள் 45 என்று இறக்கினால் ஆஃப்செட் போட்டதற்கே அர்த்தமில்லை. ஓடும்போது தண்ணீர் தள்ளி குழாய் பின்னால் சாயாமல் இருக்க முன்பக்கம் ஒரு கயிறும் கட்டுங்கள்.

படகின் உள்ளேயே அடியில் ஒட்டியிருந்தால் அந்த இடம் முழு ஃபைபராக இருக்க வேண்டும். நடுவில் மரமோ ஃபோமோ காற்றோ இருந்தால் ஆழம் வராது, வந்தாலும் நம்ப முடியாது.

சென்சார் முகத்தைச் சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியால் துடையுங்கள். புதியதில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், பழையதில் பாசியும் கொட்டலசும் (ஒட்டி வளரும் சின்னச் சிப்பி மாதிரி உயிர்) பிடித்திருக்கும். கொட்டலசைக் கத்தியால் சுரண்டக்கூடாது, ஊறவைத்து மரச் சில்லால் தள்ளுங்கள். அசிட்டோன், தின்னர் எதுவும் தொடக்கூடாது, முகம் கெட்டுவிடும். வயர் நீளமாக இருக்கிறதே என்று வெட்டாதீர்கள், சுருட்டிக் கட்டி வையுங்கள், இஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளிக் கொண்டுபோங்கள். 12 வோல்ட் பேட்டரியில் ஃபியூஸ் போட்டுக் கொடுங்கள்.

5. அளவுக் கயிறு செய்வது

கயிறு ஒழுங்காக இல்லையென்றால் கருவியைத் தப்பான கயிற்றுக்குத் தகுந்தபடி திருத்தியதாகிவிடும். அதனால் இதற்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள்.

நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். மிதக்கிற பிளாஸ்டிக் கயிறும் வேண்டாம், நீரோட்டத்தில் வில்லாக வளையும். 6 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிறு 30 மீட்டர் வாங்கினேன், 400 ரூபாய். நுனியில் 2 கிலோ ஈயக்கட்டி, 500 ரூபாய். கயிற்றை இரவு முழுவதும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டு இழுபட்ட நிலையில் இரும்பு டேப்பால் ஒவ்வொரு மீட்டருக்கும் குறி போட வேண்டும். காய்ந்த கயிற்றில் குறி போட்டால் நனைந்ததும் அளவு மாறிவிடும். முதல் குறி ஈயக்கட்டியின் அடியிலிருந்து தொடங்க வேண்டும், முடிச்சிலிருந்து இல்லை. நான் முதலில் முடிச்சிலிருந்து அளந்து, 11 சென்டிமீட்டர் போய்விட்டது.

பாகம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் படகில் பெரியப்பா ஒருவர் வருவார். கயிற்றைக் கையை விரித்து விரித்து இழுத்துப் பாகம் எண்ணுவார். ஒரு நாள், "பெட்டியில ஒம்பது சொச்சம்தான் காட்டுது, கயித்துல பத்துப் பாகம் வருதே தம்பி" என்றார். எக்கோவில் நான் பாகக் கணக்கில்தான் வைத்திருந்தேன். "பெரியப்பா, கையைக் கொஞ்சம் விரிச்சு நில்லுங்க" என்று சொல்லி டேப் பிடித்துப் பார்த்தேன், நுனிக்கு நுனி ஐந்தரை அடி. கருவியில் இருக்கும் பாகம் ஆறடி, அதாவது 1.83 மீட்டர். அவருடைய பத்துப் பாகம் கருவிக்கு ஒன்பது பாகம் சொச்சம், இரண்டுமே சரி. அதனால் அளக்கும் அன்றைக்கு மட்டும் கருவியையும் கயிற்றையும் மீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு பாகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அடியா மீட்டரா என்றும் திரையில் ஒருமுறை நன்றாகப் பாருங்கள், பல கருவிகள் அடியில் வைத்துத்தான் கடையிலிருந்து வருகின்றன.

6. நாள், நேரம், இடம்

காற்று எழும்பும் முன் காலை நேரம்தான் நல்லது. நாங்கள் 5.30 மணிக்கு இறங்கி 9.30-க்கு முடித்தோம். மார்ச், ஏப்ரலில் கடல் அமைதியாக இருக்கும்போது செய்தால் ஒரே காலையில் முடியும். வாடைக்காற்றிலும் சோழகக் காற்றிலும் முயற்சி செய்யாதீர்கள், படகு ஏறி இறங்கும்போது எந்த எண்ணை எழுதுவது என்றே தெரியாது. விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் படகு கரையேறும்போது சென்சாரைத் துடைப்பதும் அளவெடுப்பதும் சுலபம், கயிறு விட்டுப் பார்க்கும் வேலையை மட்டும் படகு இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இடம் இரண்டு வேண்டும். ஒன்று 3 மீட்டர் அளவில், மற்றது குறைந்தது 10 மீட்டர், முடிந்தால் 15. வடகடலில் கொஞ்சம் வெளியே போனால் 10 மீட்டர் ஆழம் கிடைக்கும். 15 வேண்டுமென்றால் தென்கடலில் (மன்னார் வளைகுடா) தீவுகளைத் தாண்ட வேண்டும். இரண்டு இடமும் சமதளமாக, மணல் தரையாக இருக்க வேண்டும்.

மணல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேற்றில் ஈயக்கட்டி புதைந்துவிடும், எக்கோவோ சேற்றின் மேல்படலத்தைக் காட்டும். நான் முதல் முறை சேற்றுத் தரையில் அளந்து கயிறு 20 சென்டிமீட்டர் அதிகமாகக் காட்ட, அதையே ஆஃப்செட்டில் ஏற்றிவிட்டேன். கடல்புல் மண்டிய இடத்தில் இன்னொரு விதம், எக்கோ புல்லின் தலையைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) ஓரத்தில் செய்யாதீர்கள். சென்சாரின் சத்தம் கூம்பு மாதிரி விரிந்துதான் கீழே போகிறது, 20 டிகிரி விரிவுள்ள சென்சார் தரையில் பார்க்கும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். 15 மீட்டரில் அது 5 மீட்டருக்கும் மேல். சரிவான இடமென்றால் அந்த வட்டத்துக்குள் எது மேடோ அதைத்தான் காட்டும். தென்கடல் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறை, தேசியப் பூங்கா எல்லையும் கூட, அங்கே போய் நங்கூரம் போடவே கூடாது. பாம்பன் கால்வாய்ப் பக்கம் நீரோட்டத்தில் கயிறு நேராக இறங்காது.

ஈயக்கட்டியின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவி விட்டால் மணல் ஒட்டிக்கொண்டு வரும், சேறா மணலா என்று அதில் தெரிந்துவிடும்.

7. கயிறும் திரையும்: இரண்டு ஆழத்தில்

முதலில் கருவியில் ஆஃப்செட்டைப் பூஜ்யம் ஆக்குங்கள். டெமோ அல்லது சிமுலேட்டர் என்று மெனுவில் இருந்தால் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் சென்சார் இல்லாமலே அழகாக ஆழமும் மீனும் காட்டும், புதியவர்கள் நம்பிவிடுவார்கள். தண்ணீர் வகையை உப்புத் தண்ணீர் என்று வையுங்கள். அலைவரிசை இரண்டு இருந்தால் 200 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள், 50-ஐ விட அதன் கூம்பு குறுகலானது.

இஞ்சினை நிறுத்துங்கள். சென்சாருக்குப் பக்கத்திலேயே கயிறை விடுங்கள், அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்றுகொண்டு கயிறை இறக்காதீர்கள். ஈயம் தரையைத் தொட்டதும் கயிற்றை இழுத்து நேராக்கி, மெல்லத் தூக்கித் தூக்கி வைத்துப் பாருங்கள், தரை தட்டுவது கைக்குத் தெரியும். நேராக, தொய்வில்லாமல் நிற்கும்போது தண்ணீர் மட்டத்தில் எந்த இடம் வருகிறதோ அதை ஒருவர் சொல்ல, அதே நொடியில் திரையில் என்ன என்று மற்றவர் எழுத வேண்டும். அலைக்கு மேலும் கீழுமாகப் போகும், ஐந்து முறை எழுதி நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். கயிறும் திரையும் ஒரே நேரத்தில் எடுப்பதால் ஏற்றவற்றம் இந்தக் கணக்கில் குறுக்கே வராது.

கடல் வரைபடத்தில் உள்ள ஆழத்தை வைத்து மட்டும் கருவியைத் திருத்தாதீர்கள். அதில் போட்டிருப்பது தண்ணீர் மிகவும் வற்றிய மட்டத்திலிருந்து கணக்கிட்ட ஆழம், நீங்கள் நிற்கும் நேரத்துத் தண்ணீர் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

எங்களுக்கு வந்த அளவு இது. கயிறு 3.0 மீட்டர் சொன்ன இடத்தில் திரை 2.6. கயிறு 15.0 சொன்ன இடத்தில் திரை 14.3. முதலில் 0.4 வித்தியாசம், அடுத்ததில் 0.7.

இங்கேதான் எனக்கு எல்லாம் புரிந்தது. சென்சார் கீழே இருப்பதால் வருகிற வித்தியாசம் எந்த ஆழத்திலும் ஒரே அளவுதான், 3 மீட்டரிலும் 0.30, 15 மீட்டரிலும் 0.30. ஆனால் ஆழம் கூடக்கூட வித்தியாசமும் கூடிக்கொண்டே போனால் அது வேறு கோளாறு, கருவி வைத்திருக்கும் சத்தத்தின் வேகம் நம் தண்ணீருக்குப் பொருந்தவில்லை. பல கருவிகள் சத்தம் நொடிக்கு 1500 மீட்டர் போகிறது என்று வைத்துக் கணக்குப் போடுகின்றன. நம் கடல் வெதுவெதுப்பானது, 28 டிகிரியில் உப்புத் தண்ணீரில் சத்தம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும். சத்தம் சீக்கிரம் திரும்பி வந்துவிடுவதால் ஆழம் குறைவு என்று கருவி நினைத்துக்கொள்கிறது, நூற்றுக்கு இரண்டரை அளவு. 3 மீட்டரில் இது கண்ணில் படாது, 50 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். நான் ஒரு மாதம் செய்துகொண்டிருந்தது, இந்த இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்கப் பார்த்தது.

சேற்றுத் தரையைத் தவிர வேறு கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, துறைமுகத்தில் ஆழம் அளப்பவர்கள் செய்வது. ஒரு அடிக்கு ஒரு அடி இரும்புத் தகட்டை, வெல்டிங் கடைத் துண்டு போதும், 150 ரூபாய், இரண்டு பக்கமும் குறி போட்ட கயிறு கட்டிச் சென்சாருக்கு நேர் கீழே 2 மீட்டர், பிறகு 5 மீட்டர் என்று படுக்கையாக இறக்குங்கள். கருவியின் கெய்னை (திரும்பி வரும் சத்தத்தைப் பெருக்கும் அளவு) குறைத்தால் தகடு ஒரு தெளிவான கோடாகத் திரையில் தெரியும். தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை. காற்று கொஞ்சம்கூட இருக்கக்கூடாது, தகடு ஆடினால் கோடு போய்விடும்.

8. எண்ணைப் போடுவது

குறி முதலில். சில கருவிகளில் கூட்டல் குறி போட்டால் தண்ணீர் மட்டத்திலிருந்து ஆழம் வரும், சிலவற்றில் நேர் எதிராகக் கழித்தல் போட்டால்தான் வரும். கையேடு புரியவில்லையா, படகு அசையாமல் நிற்கும்போது கூட்டல் 0.5 போட்டுப் பாருங்கள். திரையில் எண் ஏறினால் கூட்டல்தான் உங்களுக்கு, இறங்கினால் கழித்தல். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். குறி மாறிப்போனால் 0.3 தவறு 0.6 ஆகிவிடும், அதுவும் ஆழம் குறைந்த இடத்தில்.

தண்ணீர் மட்டத்திலிருந்து வேண்டுமென்றால் முதல் அளவை அப்படியே போடுங்கள், எங்களுக்கு 0.30. புரொப்பல்லருக்குக் கீழே மிச்சம் வேண்டுமென்றால் இரண்டாவதில் முதலாவதைக் கழியுங்கள், 0.70-இல் 0.30 போனால் 0.40, அதை எதிர்க்குறியில் போடுங்கள். கயிற்று வித்தியாசமான 0.4-ஐத் தண்ணீர் மட்டக் கணக்கில் தவறுதலாகப் போட்டுவிடாதீர்கள். டேப்பில் எடுத்ததைத்தான் போட வேண்டும், கயிறு அதைச் சரிபார்ப்பதற்கு.

0.30 போட்ட பிறகு எங்கள் திரை 3.0 மீட்டரில் 2.9 என்றும் 15.0 மீட்டரில் 14.6 என்றும் வந்தது. மிச்சம் சத்தத்தின் வேகம். சில கருவிகளில் மட்டும் வேகத்தை மாற்ற இடம் இருக்கும். இருந்தால் கணக்கு இப்படி: கயிற்றில் இரண்டு ஆழத்துக்கும் இடையே 12.0 மீட்டர், திரையில் 14.3-இல் 2.6 போக 11.7. 12.0-ஐ 11.7-ஆல் வகுத்தால் 1.026. 1500-ஐ அதனால் பெருக்கினால் 1539. அந்த எண்ணைப் போடுங்கள்.

உங்கள் கருவியில் அந்த இடமே இல்லையென்றால், சின்னக் கருவிகளில் பெரும்பாலும் இருக்காது, விட்டுவிடுங்கள். குறைவாகக் காட்டுவது கரையோரத்தில் பாதுகாப்புதான். 40 பாகத்தில் வலை விடும்போது ஒரு பாகம் கூட்டிக்கொள்ளலாம். அதை ஆஃப்செட்டில் ஏற்றி 15 மீட்டரில் சரியாக்கினால் 3 மீட்டரில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், புரொப்பல்லர் இடிப்பது அங்கேதான்.

9. அலாரம், திரும்ப ஒரு பார்வை

அதே இரண்டு இடத்திலும் இன்னொரு முறை கயிறு விடுங்கள். வேகத்தை மாற்றியிருந்தால் இரண்டிலும், மாற்ற இடமில்லாத கருவியில் 3 மீட்டர் இடத்தில் மட்டும், 10 சென்டிமீட்டருக்குள் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அலையே ஏமாற்றும். பிறகு கருவியை அணைத்துத் திரும்பப் போட்டு, எண்கள் தங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆழம் குறைவு அலாரத்தை நான் 1.5 மீட்டரில் வைத்திருக்கிறேன், புரொப்பல்லர் நுனிக்குக் கீழே 80 சென்டிமீட்டர் கிடைக்கும், அலை இறக்கத்துக்கும் சேர்த்து. அரை மீட்டர் அளவுக்குக் கீழே போனால் பல கருவிகளால் ஆழம் எடுக்கவே முடியாது, அந்த இடத்தில் கம்பை நம்புங்கள்.

10. இதற்குப் பிறகும் தப்பாகக் காட்டினால்

எண் விட்டுவிட்டு மின்னினால் அது ஆழம் இல்லை. தரையைத் தவறவிட்டுவிட்டேன், கடைசியாகப் பார்த்தது இது என்று கருவி சொல்கிறது. பல கருவிகளில் இப்படித்தான். மின்னும் எண்ணைப் பார்த்துப் படகு ஓட்டாதீர்கள்.

ஆழம் குறைந்த, கெட்டியான தரையில் திடீரென்று சரியாக இரு மடங்கு காட்டினால் சத்தம் தரைக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே இரண்டு முறை போய் வந்திருக்கிறது. கெய்னைக் குறைத்து, ஆழ அளவை 0 முதல் 10 மீட்டர் என்று கையால் வையுங்கள்.

நின்றால் சரி, ஓடினால் தப்பு என்றால் குமிழி. 4-ம் படிக்குப் போங்கள். துறைமுகத்துக்குள் மட்டும் கோடு கோடாக வந்தால் பக்கத்துப் படகின் எக்கோவும் அதே அலைவரிசையில் ஓடுகிறது, உங்கள் கருவியில் கோளாறு இல்லை. இஞ்சினைக் கிளப்பியதும் கோடு வந்தால் வயரைப் பாருங்கள்.

மொத்தச் செலவு எனக்குக் கயிறு, ஈயம், தகடு, குழாய், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 2,550 ரூபாய். குழாய் வேண்டாதவர்களுக்கு 1,650. நேரம், கயிறு செய்ய ஒரு மாலை, கடலில் நான்கு மணி நேரம். சென்சாரை மாற்றினாலோ, இடம் மாற்றினாலோ, வேறு இஞ்சின் வைத்தாலோ 3-ம் படியிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும். மற்றபடி வருடத்துக்கு ஒரு முறை 3 மீட்டரில் கயிறு விட்டுப் பார்த்தால் போதும். அந்தக் கயிற்றை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது பரணில் தனியாகத் தொங்குகிறது.